ஃபைபர் மோல்டில் குழி, கீறல், வெடிப்பு: புதிதாக வேலைக்கு வந்தவர்கள் சரிசெய்யும் முறை

மோல்டில், அதாவது அச்சில், குழி இருந்தால் அதிலிருந்து எடுக்கும் பீஸில் பரு வரும். மோல்டில் மேடு இருந்தால் பீஸில் பள்ளம் வரும். ஃபைபர் பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரமே இதை மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எதை இன்றைக்கே சரிசெய்வது, எதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்வது என்கிற கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. பீஸில் வரும் பருவைக் கட்டையில் உப்புத்தாள் சுற்றி நாலு இழுப்பு இழுத்தால் போய்விடும். பள்ளம் அப்படிப் போகாது. ஜெல்கோட், அதாவது ஃபைபருக்கு மேல்தோலாக நிற்கும் ரெசின் பூச்சு, வைத்து நிரப்பி, காயவிட்டு, தேய்த்து, பாலிஷ் போட வேண்டும், அதுவும் எடுக்கிற ஒவ்வொரு பீஸுக்கும். ஆகவே மோல்டில் மேடு கண்டால் அன்றே தேய்த்துவிடுங்கள், குழி கண்டால் கொஞ்சம் யோசிக்கலாம். கொஞ்சம்தான். குழிக்குள் ஜெல்கோட் புகுந்து கொக்கி மாதிரி பிடித்துக்கொள்ளும், பீஸைக் கழற்றும்போது விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும், பத்துப் பீஸ் எடுத்த பிறகு பார்த்தால் மிளகு அளவு இருந்தது புளியங்கொட்டை அளவு ஆகியிருக்கும்.

நான் சொல்லப்போவது படகு மோல்டை வைத்து. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர், நாகப்பட்டினம் பக்கம் கட்டுமரம் கிடந்த கரைகளில் ஃபைபர் படகுகள் வரிசையாக வந்து நின்றன. அவற்றைச் செய்யவும் பழுது பார்க்கவும் பட்டறைகள் பெருகின, எனக்குத் தெரிந்த வேலையெல்லாம் அப்படி ஒரு பட்டறையில் திட்டு வாங்கிக் கற்றதுதான். கரூரில் பஸ்ஸுக்கு முன்பக்கம் செய்கிறவருக்கும், பாத்ரூம் கதவு செய்கிறவருக்கும் முறை இதேதான், மோல்டு பாலியெஸ்டர் அல்லது வினைல் எஸ்டர் ரெசினில் செய்ததாக இருக்கும் வரை. எபாக்ஸி மோல்டு என்றால் இங்கேயே நில்லுங்கள். எபாக்ஸி மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் ஒழுங்காகப் பிடிக்காது, சில நேரம் கெட்டியாகவே ஆகாமல் பிசுபிசுத்துக்கொண்டு கிடக்கும். அதற்கு எபாக்ஸி ஜெல்கோட் தனியாக வாங்க வேண்டும். எந்த ரெசின் என்று தெரியாவிட்டால் மோல்டைச் செய்தவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்பது உத்தமம்.

முதலில் கழுவுங்கள், பிறகு பாருங்கள், தட்டுங்கள்

கையில் கிரைண்டரை எடுப்பதற்கு முன் மோல்டைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். போன பீஸ் ஒட்டாமல் கழல அடித்த பிவிஏ படலம் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும், அது தண்ணீரில் கரைந்து போய்விடும். அதே வேலைக்குப் பூசிய வாக்ஸ் தண்ணீருக்குப் போகாது. அதற்கு தின்னர் அல்லது டொலுயீன் தேவை. இரண்டு துணி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் தின்னர் நனைத்துத் துடைத்த உடனே, அது காய்வதற்குள், இன்னொரு காய்ந்த துணியால் துடைத்து எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்துக்கொண்டே போனால் வாக்ஸைக் கரைத்து இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். பனியன் வேஸ்ட் நல்ல துணி, ஆனால் சாயம் ஏற்றாத வெள்ளையாகப் பார்த்து எடுங்கள், அடிக்கடி மாற்றுங்கள்.

வாக்ஸ் எடுக்காமல் தேய்க்கக் கூடாது என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உப்புத்தாள் போடும் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் வாக்ஸ் போய் அடைந்துகொள்ளும், அதற்குப் பிறகு வைக்கும் ஜெல்கோட் பார்வைக்கு நன்றாகப் பிடித்த மாதிரியே இருந்து, முதல் பீஸைக் கழற்றும்போது பில்லை பில்லையாகப் படகோடு கிளம்பிப் போகும். மோல்டில் பழைய குழி, படகில் புதுக் கட்டி.

இப்போது பாருங்கள். மேலே எரியும் டியூப்லைட்டின் பிம்பம் மோல்டில் நேராக விழுகிறதா, ஓரிடத்தில் நெளிகிறதா என்று கவனித்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். டார்ச்சை மோல்டோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தைச் சாய்வாக ஓடவிட்டால் ஊசிமுனைத் துளைகளும் நிழலோடு தெரியும். கைக்கும் மோல்டுக்கும் நடுவில் மெல்லிய பாலிதீன் கவர் வைத்துத் தடவிப் பாருங்கள், வெறும் கைக்குத் தெரியாத நெளிவு அதில் தெரியும். கண்டுபிடித்த இடத்தில் மார்க்கர் பேனாவால் வட்டம் போடாதீர்கள், மை ஜெல்கோட்டுக்குள் இறங்கினால் எடுப்பது கஷ்டம். மாஸ்கிங் டேப்பை அம்பு மாதிரி கிழித்து ஒட்டுங்கள்.

அப்புறம் தட்டுங்கள். ஐந்து ரூபாய் நாணயம் போதும். நல்ல இடத்தில் ‘டிங்’ என்று கெட்டியான சத்தம் வரும், பின்னால் காற்று அடைபட்ட இடத்தில் ‘டொக்’ என்று பொத்தலாகக் கேட்கும். மூலைகளிலும் விளிம்புகளிலும்தான் இது அதிகம், காரணம் மேட்டை, அதாவது ஜெல்கோட்டுக்குப் பின்னால் ஒட்டும் கண்ணாடி இழை விரிப்பை, மூலையில் அழுத்தி ஒட்டினாலும் அது விறைப்பாக எழும்பப் பார்க்கும், ரோலர் சரியாக ஓடாவிட்டால் ஜெல்கோட்டுக்கும் மேட்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் குகை உண்டாகிவிடும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், இன்று உடையாவிட்டால் நாளை உடையும். பொத்தல் சத்தம் கேட்ட எல்லா இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், அத்தனையையும் திறக்கத்தான் போகிறோம்.

வெடிப்பு வந்தது எப்படி என்று கேளுங்கள்

குழியும் கீறலும் பெரும்பாலும் தானாகக் கதை சொல்லிவிடும், யாரோ ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பியிருப்பார்கள். வெடிப்பு அப்படியல்ல. அதன் வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் மாதிரி பிரிந்து ஓடினால், பின்பக்கத்திலிருந்து யாரோ சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். பீஸ் வரவில்லை என்று கோபத்தில் போடும் அடிதான் இது, ரப்பர் சுத்தியலாக இருந்தாலும் ஒரே இடத்தில் போட்டால் வெடிக்கும். ஒன்றுக்கொன்று இணையாக நாலைந்து கோடுகள் ஓடினால் அந்த இடத்தில் மோல்டு வளைகிறது. பின்னால் தாங்கு சட்டம் போதவில்லை, அல்லது தூக்கும்போது ஒரு பக்கமாகப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். மூலையை ஒட்டியே மயிரிழை மாதிரி ஓடினால் அங்கே ஜெல்கோட் தேங்கித் தடித்திருக்கிறது. தட்டையான இடத்தில் 0.8 மி.மீ. இருக்க வேண்டியது மூலையில் வழிந்து 2 மி.மீ. ஆகியிருக்கும், தடித்த ஜெல்கோட் கண்ணாடி மாதிரி, வளைந்து கொடுக்காது.

நட்சத்திரத்தை முன்பக்கம் அடைத்தால் போதும், ஆளுக்குச் சுத்தியலைக் கொடுக்காமல் இருந்தால் திரும்ப வராது. இணைகோட்டு வெடிப்பை மட்டும் முன்பக்கம் அடைத்துவிட்டுப் போகாதீர்கள், மூன்றாவது பீஸில் அதே இடத்தில் அதே கோடு திரும்ப வரும். பின்னால் 40 நம்பர் தாளால் கரடாக்கி, இரண்டு அடுக்கு மேட் ஒட்டி, சட்டம் ஒன்று கூடுதலாகக் கொடுத்த பிறகுதான் முன்பக்கம். அந்த மேட்டையும் ஒரே நாளில் தடியாக ஒட்டாதீர்கள், ரெசின் சூடாகிச் சுருங்கும்போது மேட்டின் தடம் முன்பக்க பளபளப்பில் அப்படியே எழும்பித் தெரியும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று.

என்னென்ன வேண்டும்

மோல்டு செய்த அதே டூலிங் ஜெல்கோட் (மோல்டுக்கென்றே வருவது), கிடைத்தால் அதே டப்பா. சாதாரணப் படகு ஜெல்கோட்டை வைத்து அடைக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். அடைக்கலாம், ஆனால் அது டூலிங் ஜெல்கோட்டை விட மெத்து, சூட்டையும் அவ்வளவு தாங்காது, சில பீஸ்களிலேயே அந்த இடம் மட்டும் மங்கிப்போகும். அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜெல்கோட்டைக் கெட்டியாக்கும் கேட்டலிஸ்ட் (எம்.இ.கே.பி.), ஊசி இல்லாத 2 மி.லி. சிரிஞ்ச் இரண்டு, கிராம் காட்டும் சின்னத் தராசு, பேப்பர் கப், ஐஸ் குச்சி, மாஸ்கிங் டேப், மைலார் என்கிற ஒளிபுகும் பிளாஸ்டிக் ஷீட். தண்ணீரில் தேய்க்கும் வாட்டர் பேப்பர் 320 தொடங்கி 400, 600, 800, 1000, 1500 வரை, இன்னும் பளபளப்பு வேண்டுமானால் 2000. சின்னக் கையடக்கக் கிரைண்டரும் கூம்பு வடிவ பிட்டும். ரப்பிங் காம்பவுண்டு, கம்பளிப் பேடு, வாக்ஸ், பிவிஏ.

பட்டியலில் கார் பட்டி இல்லை என்பதைக் கவனியுங்கள். எம்-சீலும் இல்லை. எம்-சீல் எபாக்ஸி, அதன் மேல் ஜெல்கோட் என்ன ஆகும் என்று மேலேயே சொல்லிவிட்டேன். கார் பட்டி பாலியெஸ்டர்தான், ஆனால் அதில் பாதிக்குப் பாதி டால்க் மாவு, பஞ்சு மாதிரி, ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் திரவத்தை உறிஞ்சும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், டெலிவரிக்கு நேரமாகிவிட்டது என்று மோல்டின் பின்மூலையில் கார் பட்டியை வைத்து அடைத்துத் தேய்த்து வாக்ஸ் போட்டேன். முதல் பீஸ் வந்தது, இரண்டாவது வந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது பீஸில் பட்டி ஊறி, படகோடு சேர்ந்து ஒரே உடம்பாகிவிட்டது, கழற்றியபோது உள்ளங்கை அகலத்துக்கு மோல்டின் ஜெல்கோட் பிய்ந்து மேட் தெரிந்தது. அரைமணி நேர வேலையை மிச்சம் பிடித்து நாலு நாள் வேலையை இழுத்துக்கொண்டேன், மேஸ்திரி என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

திறப்பது

புதியவர்களுக்கு இதுதான் மனசு வராத வேலை. குண்டூசித் தலை அளவு துளை இருக்கிறது, அதை விரல்நகம் அளவு பெரிதாக்கு என்றால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் சின்னத் துளைக்குள் ஜெல்கோட்டை எவ்வளவு அழுத்தினாலும் அடியில் காற்று நிற்கும், தேய்க்கும்போது அந்தக் காற்று மறுபடி துளையாகத் திறக்கும். வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் கிண்ணம் மாதிரி திறங்கள். ஓரம் செங்குத்தாக நிற்காமல் சரிந்து இறங்க வேண்டும், அப்போதுதான் நிரப்பும் ஜெல்கோட் பக்கத்து ஜெல்கோட்டோடு மெல்லக் கலந்து நிற்கும், மேலே வளையம் தெரியாது. பொத்தல் சத்தம் கேட்ட இடத்தில் கெட்டியான பரப்பு வரும் வரை ஓரத்தை உடைத்துக்கொண்டே போங்கள்.

வெடிப்பை அதன் நீளம் முழுக்க ‘வி’ வடிவத்தில் வெட்டி, கண்ணுக்குத் தெரிகிற முனையைத் தாண்டி இன்னும் 1 செ.மீ. போங்கள், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அங்கேயும் ஓடியிருக்கும். கருப்பு ஜெல்கோட்டில் முனை எங்கே என்று தெரியாவிட்டால் சுண்ணாம்புப் பொடியைத் தடவித் துடைத்தால் கோட்டுக்குள் வெள்ளையாக நிற்கும், பார்த்த பிறகு ஊதி, துடைத்து எடுத்துவிட வேண்டும். ஆழம் எவ்வளவு என்றால், வெடிப்பு மறையும் வரை. ஜெல்கோட்டைத் தாண்டி மேட்டுக்குள் இறங்கினால் அதோடு நில்லாமல் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டிய நேரம்.

வெறும் மேல்கீறல் என்றால் திறக்கவே வேண்டாம். நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் தட்டாவிட்டால் 800 நம்பரில் தொடங்கித் தேய்த்துப் பாலிஷ் போட்டாலே போய்விடும். நகம் தட்டி நின்றால்தான் நிரப்புகிற வேலை.

திறந்த இடத்தின் உட்பக்கத்தை 80 நம்பர் தாளால் கரடாக்கி, தூசியை ஊதி, அசிட்டோனில் ஒரு துடைப்பு. அதற்கப்புறம் வெறும் விரலால் தொடாதீர்கள். கண்ணாடித் தூசி அரிக்காமல் இருக்கக் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிற பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு, அந்தக் கையைத் திறந்த இடத்தில் வைத்தால் எண்ணெய்க்கு மேல்தான் ஜெல்கோட் உட்காரும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போதும். சுற்றிலும் குழியின் ஓரத்திலிருந்து 3, 4 மி.மீ. விட்டு மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள், இது பிறகு தேய்க்கும்போது பக்கத்து நல்ல பரப்பைக் காப்பாற்றும்.

கலப்பதும் நிரப்புவதும்

கேட்டலிஸ்ட் கையாளும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இதில் சமரசமே கிடையாது. எம்.இ.கே.பி. ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். தெறித்துவிட்டால் அந்த விநாடியே தண்ணீரில் கழுவத் தொடங்கி 15 நிமிடமாவது விடாமல் கழுவிக்கொண்டு, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அடுத்தது, கெட்டியாவதை முடுக்கிவிடும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். வாங்கும்போதே ஜெல்கோட் கோபால்ட் சேர்த்ததா சேர்க்காததா என்று கடையில் கேளுங்கள். சேர்க்காததாக இருந்தால் முதலில் கோபால்ட்டை ஜெல்கோட்டில் ஊற்றி நிறம் ஒரே சீராகும் வரை கலக்கி, அதன் பிறகுதான் கேட்டலிஸ்ட் பாட்டிலின் மூடியையே திறக்க வேண்டும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், ஒரே சிரிஞ்சால் எடுக்காதீர்கள்.

அளவு, ஜெல்கோட் எடையில் 2 சதவீதம். குழி சின்னதுதானே என்று 5 கிராம் கலக்கினால் 0.1 கிராம் கேட்டலிஸ்டை அளக்க உங்களால் முடியாது, கூடும் அல்லது குறையும். வீணானாலும் பரவாயில்லை என்று 50 கிராம் எடுங்கள், அதற்கு 1 கிராம், சிரிஞ்சில் ஏறக்குறைய 0.9 மி.லி. கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்து ஒரு நிமிடம் முழுசாகக் கலக்குங்கள், ஆனால் முட்டை அடிக்கிற மாதிரி வேகமாக அடிக்காதீர்கள், காற்று ஏறும். கத்திரி வெயில் காலத்தில் சீக்கிரம் கெட்டியாகிறதே என்று கேட்டலிஸ்டை 1 சதவீதத்துக்கும் கீழே குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தப்பு, அப்படிச் செய்தால் கடைசி வரை உள்ளே வேகாமலேயே, அதாவது முழுசாகக் கெட்டியாகாமலேயே, இருக்கும். வேலையை விடிகாலைக்கு மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மோல்டில் ஈரம் படிந்திருக்கும், அன்றைக்கு நிரப்புகிற வேலையே வேண்டாம்.

ஐஸ் குச்சியின் முனையால் முதலில் கொஞ்சமாக எடுத்துக் குழியின் அடியிலும் ஓரத்திலும் அழுத்தித் தேய்த்துப் பூசுங்கள், பிறகு மீதியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கமாகத் தள்ளிக்கொண்டே நிரப்புங்கள், காற்று முன்னால் ஓடி வெளியேறும். மேல்மட்டத்தை விட அரை மி.மீ. உயரமாக நிற்கட்டும், காயும்போது சுருங்கும். 2 மி.மீ.க்கு மேல் ஆழம் என்றால் ஒரே தடவையில் நிரப்பாதீர்கள். ரெசினில் ஏரோசில் என்கிற சிலிக்கா தூளும் பொடியாக நறுக்கிய கண்ணாடி இழையும் கலந்து பட்டி மாதிரி ஆக்கி அடியை நிரப்பி, அது கெட்டியாகிக் கரடாக்கிய பிறகு மேலே ஒரு மி.மீ. அளவுக்கு ஜெல்கோட்.

காற்றுப் படும் பரப்பில் பாலியெஸ்டர் ஜெல்கோட் பிசுபிசுப்பாகவே நிற்கும், அது அதன் குணம், நீங்கள் எதுவும் தப்பாகச் செய்யவில்லை. அதற்குத்தான் மைலார் ஷீட். குழியை விடப் பெரிய துண்டாக வெட்டி, ஒரு ஓரத்தை டேப்பால் ஒட்டி, அங்கிருந்து மறு ஓரத்துக்கு விரலால் மெதுவாக வழித்துக்கொண்டே படியவிடுங்கள். செங்குத்தான இடத்தில் ஜெல்கோட் வழியாமல் இதுவே தாங்கும். ஷீட்டின் அடியில் காற்றுக்குமிழி கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத் தெரியும், தெரிந்தால் இன்னும் வழியுங்கள்.

கப்பில் மிச்சம் இருப்பதைக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். கெட்டியாகும்போது சூடேறிப் புகையும், கூடையில் அசிட்டோன் நனைத்த பனியன் வேஸ்ட் இருந்தால் சொல்லவே வேண்டாம். வெளியே மணலில் வைத்துவிடுங்கள்.

காத்திருப்பது

கப்பில் கெட்டியாகிவிட்டது என்பதால் குழியிலும் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. கப்பில் மொத்தமாக இருக்கிறது, தானே சூடாகிச் சீக்கிரம் வேகும். குழியில் மெல்லியதாகக் கிடப்பது நிதானமாகத்தான் ஆகும். ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் ஷீட்டை உரித்து நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழக் கூடாது. துணி முனையில் அசிட்டோன் நனைத்து ஓரமாகத் தேய்த்துப் பாருங்கள், பிசுபிசுத்தால் வேகவில்லை.

அன்றைக்கே தேய்த்துப் பாலிஷ் போட்டால் அன்று அழகாக இருக்கும், இரண்டு நாள் கழித்துக் குழி இருந்த இடம் லேசாக அமுங்கி வளையம் தெரியும். ஏனென்றால் ஜெல்கோட் இன்னும் சுருங்கிக்கொண்டுதான் இருக்கிறது. முடிந்தால் ஹாலஜன் விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்து 50, 60 டிகிரிச் சூட்டில் சில மணி நேரம் காட்டுங்கள், உள்ளங்கையை வைத்தால் சில விநாடிக்கு மேல் வைக்க முடியாது, அவ்வளவு சூடு. விளக்கு இல்லாவிட்டால் மோல்டை அதன் ஸ்டாண்டோடு வெயிலில் தள்ளுங்கள். ஸ்டாண்டிலிருந்து இறக்கிவிட்டு மட்டும் வெயிலில் போடாதீர்கள், நெளிந்துவிடும். ஆற விட்டு மறுநாள் தேய்க்கலாம்.

தேய்ப்பது

விரலால் தாளைப் பிடித்துத் தேய்க்கிற ஆளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜெல்கோட் மேடாக நிற்கிறது, விரல் மெத்து, மேட்டைத் தாண்டிச் சறுக்கி இரு பக்கமும் பள்ளம் தோண்டும். தட்டையான இடத்துக்கு மரக்கட்டை, வளைவுக்கு அந்த வளைவுக்குப் பொருந்துகிற பிவிசி பைப் துண்டு. மேடு அதிகமாக நின்றால் முதலில் பிளேடு. நல்ல ஸ்க்ரேப்பர் பிளேடை எடுத்து அதன் இரு முனையிலும் செல்லோடேப்பை ஒரு சுற்று சுற்றுங்கள், டேப் சுற்றிய முனைகள் நல்ல பரப்பில் ஓடும், நடுவில் இருக்கும் வாய் மேட்டை மட்டும் சீவும். சீவி முடித்தால் டேப்பின் தடிமன் அளவுக்குத்தான் மேடு மிச்சம் இருக்கும், அதைத் தாள் பார்த்துக்கொள்ளும்.

320இல் தொடங்குங்கள், வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு. மாஸ்கிங் டேப்பில் தாள் உரசத் தொடங்கியதும் டேப்பை உரித்துவிட்டு 400க்கு மாறுங்கள். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்ற வேண்டும், இது இடம் வலம் என்றால் அடுத்தது மேல் கீழ். அப்போதுதான் முந்தைய தாளின் கோடுகள் போய்விட்டனவா என்று தெரியும். ஒவ்வொரு நம்பருக்கு முன்பும் பென்சிலால் அந்த இடத்தில் கிறுக்கிவிட்டுத் தேய்த்தால், கிறுக்கல் எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம். நடுவில் நின்றால் நிரப்பியது போதவில்லை, மறுபடி கரடாக்கி இன்னொரு பூச்சு வைப்பதைத் தவிர வழியில்லை, பக்கத்தையெல்லாம் இறக்கிச் சமன்செய்யப் பார்க்காதீர்கள், ஜெல்கோட் கரைந்து மேட் எட்டிப் பார்க்கும். நம்பர் மாற்றும்போது வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள், 400இன் ஒரு மணல் துகள் 1000 போடும்போது தாளுக்கடியில் மாட்டினால் போதும், முதலிலிருந்து வர வேண்டும்.

1000, 1500 முடிந்ததும் காம்பவுண்டு. கம்பளிப் பேடு, 1500 ஆர்.பி.எம். பக்கம், பேடை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருங்கள், சூடானால் புது ஜெல்கோட் மங்கும். காம்பவுண்டில் சிலிக்கோன் இல்லை என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். கார் டேஷ்போர்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயைப் பட்டறைக்குள்ளேயே விடாதீர்கள், சிலிக்கோன் பட்ட இடத்தில் அடுத்த பீஸின் ஜெல்கோட் ஒட்டாமல் மீன்கண் மீன்கண்ணாக விலகும்.

வாக்ஸும் முதல் பீஸும்

புதிதாக அடைத்த இடத்தில் பழைய வாக்ஸ் ஒன்றும் ஊறியிருக்காது, அதனால் அங்கே மட்டும் பீஸ் பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் ஒரு அடி அகலத்துக்குச் சேர்த்து ஐந்தாறு கோட் வாக்ஸ் போடுங்கள். மெல்லியதாகத் தடவி, புகை படிந்த மாதிரி ஆனதும் சுத்தமான துணியால் துடைத்து, அடுத்த கோட்டுக்கு ஒரு மணி நேரம் விடுங்கள். தடியாகப் பூசினால் பலன் அதிகம் என்று நினைக்க வேண்டாம், துடைக்க முடியாமல் படிந்து, அந்தத் தடங்கள் பீஸில் தெரியும். கடைசிக் கோட் போட்டு ஒரு ராத்திரி விட்டுவிட்டு, மாஸ்கிங் டேப்பை அடைத்த இடத்தில் ஒரு துண்டு, பழைய இடத்தில் ஒரு துண்டு ஒட்டி உரித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி தொளதொளவென்று வர வேண்டும், புது இடத்தில் இழுத்துப் பிடித்தால் இன்னும் இரண்டு கோட்.

முதல் இரண்டு மூன்று பீஸுக்குப் பிவிஏவும் அடித்துவிடுங்கள். ஸ்ப்ரே கன்னில் பனி மாதிரி இரண்டு தடவை, முழுக்கக் காய்ந்த பிறகே ஜெல்கோட். பளபளப்பு கொஞ்சம் குறையும், குறையட்டும். முழுப் படகையும் பணயம் வைக்கப் பயமாக இருந்தால் அடைத்த இடத்தின் மேல் மட்டும் ஜெல்கோட்டும் ஒரு அடுக்கு 300 மேட்டும் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஒட்டி டம்மியாக ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள், ஒரு கிலோ ரெசின்கூடச் செலவாகாது. கழற்றும்போது பிளாஸ்டிக் ஆப்பு, இடுக்கில் தண்ணீர். பிவிஏ கரைந்து வழிவிடும். இரும்பு வேண்டாம்.

அடைத்துச் சரியாகாதவை

ஜெல்கோட் பரப்பு யானைத்தோல் மாதிரி சுருங்கியிருந்தால், மெல்லியதாக அடித்ததால் அல்லது சரியாக வேகும் முன் மேட் ஒட்டியதால் ஸ்டைரீன் கீழிருந்து தாக்கியிருக்கிறது. அது முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டும், புள்ளிபுள்ளியாக அடைத்துக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை. மேட்டின் தடம் லேசாக மட்டும் தெரிந்தால் மோல்டை முழுக்கச் சூடு காட்டி, சுருங்குவதெல்லாம் சுருங்கி முடிந்த பிறகு 600இலிருந்து தேய்த்துப் பாலிஷ் போட்டால் அடங்கும். உள்ளங்கையை விடப் பெரிய பரப்பில் ஜெல்கோட் பிய்ந்திருந்தால் குச்சியால் நிரப்பாமல் கன்னில் அடிக்கிற ஆளைக் கூப்பிடுங்கள். ஊசித்துளைகள் ஒரு சதுர அடிக்குள் ஐம்பது அறுபது இருந்தாலும் அப்படித்தான், ஒவ்வொன்றாகத் திறந்து உட்கார்ந்திருந்தால் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது.

ஒரு பள்ளிக்கூட நோட்டில் மோல்டின் படத்தைக் கையால் வரைந்து எந்த இடத்தை எந்தத் தேதியில் அடைத்தீர்கள், எந்த டப்பா ஜெல்கோட், எத்தனை சதவீதம் என்று குறித்துவையுங்கள். மூன்று பீஸ் எடுத்த பிறகு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்த இடங்களில் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள், நாணயத்தால் தட்டுங்கள். சத்தம் கெட்டியாக வந்தால் அந்த வரியை அடித்துவிடலாம்.